ஒற்றைக்காலாரின் கோடை வாசிப்புத் திட்டம்

ஒரு காட்டில் கோடை வந்தால் முதலில் குளம் வற்றும், மறுநாளே பள்ளிக்கூடம் மூடும். இரண்டுக்கும் சேர்த்துப் பிள்ளைகள் ஒரே கூத்தாக ஆடுவார்கள். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் நாரை மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். குளத்தில் மீன் இல்லை, வகுப்பில் பிள்ளை இல்லை. கொத்துவதற்கு ஒன்றும் அகப்படாத காலம் அவருக்கு அது.

அவர் பெயர் ஒற்றைக்காலார். எப்போதும் ஒரே காலில் நிற்பதால் வந்த பெயர். ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார் என்பதாலும் அந்தப் பெயர் பொருந்திவிட்டது.

அந்த ஆண்டு கோடையில் சிங்கராஜாவின் அரண்மனையிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டி வந்தது. பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள். கூடவே ஒரு வரியில் ஓர் ஓலை:

"விடுமுறையில் பிள்ளைகள் மகிழ்ச்சியாகக் கதை படிக்கட்டும்."

ஒற்றைக்காலார் அதை மூன்று முறை படித்தார். விடுமுறை புரிந்தது. பிள்ளைகள் புரிந்தது. 'மகிழ்ச்சியாக' என்ற சொல்தான் இடறியது. இருபது ஆண்டு வேலையில் எந்தப் பாடத்திட்டத்திலும் அந்தச் சொல்லை அவர் கண்டதில்லை.

"ஏதோ எழுத்துப் பிழை," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "ஒழுக்கமாக என்று எழுத வந்திருப்பார்கள்."

ஆனாலும் அரண்மனை உத்தரவு ஆயிற்றே. பெட்டியை நாவல் மரத்தடியில் வைத்துத் திறந்துவிட்டார்.

அவ்வளவுதான். காட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கைதட்டிக்கொண்டு வந்து மொய்த்துவிட்டார்கள். அணில்பிள்ளை வாலன் ஒரு புத்தகத்தைக் கவ்விக்கொண்டு மரத்தின் உச்சிக்கே போய்விட்டான். கரடிக்குட்டி பொம்மு மல்லாந்து படுத்து, புத்தகத்தை வயிற்றின்மேல் நிறுத்திப் படித்தான். முயல்குட்டி மல்லிக்குக் கதை பாதியில் நிற்பது பிடிக்காது. அவள் முதலில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, அப்புறம் முதல் பக்கத்துக்கு வருவாள். குரங்குக்குட்டி ஒருவன் நடுநடுவே எழுந்து, படித்ததை அப்படியே நடித்துக் காட்டுவான்.

இரண்டு வாரம் இப்படி ஓடியது. நாவல் மரத்தடியில் எப்போதும் சிரிப்பு. சில சமயம் "ஐயோ, போச்சு!" என்று ஓர் அலறல். சில சமயம் நாற்பது பிள்ளைகள் இருந்தும் ஒரு சத்தமும் இல்லாத அமைதி.

ஒற்றைக்காலார் தூரத்தில் ஒரு காலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை பிள்ளைகள், இத்தனை புத்தகங்கள்!" என்று நினைத்தார். "ஒரு மதிப்பெண்கூட விழவில்லையே! எல்லாம் வீணாகப் போகிறதே!"

மறுநாள் காலையில் நாவல் மரத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது. 'கோடை வாசிப்புத் திட்டம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே விதிகள். ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு புத்தகம் படிக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். மரக்கிளை, புல்தரை, வயிறு ஆகியவை படிக்கும் இடங்கள் ஆகா. கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பது குற்றம். படித்து முடித்ததும் கதைச் சுருக்கம் ஒரு பக்கம், கடினச் சொற்கள் ஐந்து, கதையின் நீதி ஒரு வரி எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் முப்பது கேள்விகள் உண்டு.

பொம்மு அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஐயா, இது விடுமுறை இல்லையா?"

"விடுமுறைதான். அதனால்தான் வீட்டுப்பாடம் கிடையாது. இதெல்லாம் மரத்தடிப் பாடம்."

முப்பது கேள்விகளைத் தயாரிக்க எல்லாப் புத்தகங்களையும் படிக்க வேண்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். ஒற்றைக்காலார் அனுபவசாலி. அட்டைப் படத்தைப் பார்த்தே அவருக்குக் கேள்வி வந்துவிடும். ஒரு புத்தகத்தின் அட்டையில் பட்டுவேட்டி கட்டிய முதலை ஒன்று இருந்தது. உடனே எழுதினார்: 'முதலைக்குப் பற்கள் எத்தனை? முதலை வாழும் இடம் எது? கோடிட்ட இடத்தை நிரப்புக. யார் யாரிடம் கூறியது? இக்கதை உணர்த்தும் நீதி யாது?' அந்த நீதிக்கு விடையும் தயார்: 'முதலையின் அருகே செல்லக் கூடாது.'

அந்தத் தேர்வை முதலில் எழுதியவன் வாலன். அந்தப் புத்தகத்தை அவன் நான்கு முறை படித்திருந்தான். ஆகவே துள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நீதி என்ற இடத்தில் இப்படி எழுதினான்: 'முறுக்கு கல்லாக இருந்தால் மாப்பிள்ளை நல்லவராகத் தெரிவார்.'

ஒற்றைக்காலார் அலகால் அதன்மேல் ஒரு பெரிய சுழியைக் கீறினார்.

"புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தாயா?" என்று கேட்டார்.

"நாலு தடவை பார்த்தேன் ஐயா. கதையில் அப்படித்தான்..."

"எதிர்த்துப் பேசாதே. ஐந்தாவது தடவை ஒழுங்காகப் படி."

வாலன் வாலைச் சுருட்டிக்கொண்டு போனான். அந்தப் புத்தகத்தை அதற்குப் பிறகு அவன் தொடவில்லை.

பெற்றோருக்குத் திட்டம் மிகவும் பிடித்துப்போயிற்று. மரத்தில் தொங்கவிட்ட மதிப்பெண் பட்டியலில் யார் முதலிடம் என்று பார்க்க அம்மாக்கள் காலையும் மாலையும் நாவல் மரத்தடிக்கு வந்தார்கள். குரங்கம்மா, "எங்கள் வீட்டுப் பிள்ளை நேற்று ஒரே நாளில் ஏழு முடித்தான்!" என்று மரத்துக்கு மரம் தாவிச் சொன்னாள். பிள்ளை முடித்தது ஏழு அட்டைகளை. முதல் வரி, கடைசி வரி, நடுவில் கண்ணில் பட்ட ஐந்து சொற்கள். பத்து நாளில் எல்லாப் பிள்ளைகளும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். மல்லியோ நீதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டாள். பொறாமை கூடாது, பேராசை கூடாது, பொய் கூடாது. மூன்றில் ஒன்று எந்தக் கதைக்கும் பொருந்தியது.

நாவல் மரத்தடியில் இப்போது சிரிப்பு இல்லை, அலறல் இல்லை. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றைக்காலாருக்குப் பெருமை தாங்கவில்லை. 'இக்காட்டில் வாசிப்பு பொங்கி வழிகிறது' என்று அரண்மனைக்கு ஓலை அனுப்பினார்.

ஓலை போன சூட்டோடு கல்வி அதிகாரி யானையே புறப்பட்டு வந்துவிட்டார்.

அதிகாரியின் தும்பிக்கையில் ஒரு தாள் இருந்தது. பார்வையிட வேண்டியவை, கேட்க வேண்டியவை எல்லாம் அதில் எழுதியிருந்தன. பிள்ளைகள் வரிசையாக, ஆளுக்கு ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பொம்முவின் புத்தகம் தலைகீழாக இருந்தது. ஒற்றைக்காலார் அதைப் பார்த்துவிட்டு, நகர்ந்து வந்து பொம்முவுக்கு முன்னால் நின்றுகொண்டார். ஆனால் நாரையின் காலுக்குப் பின்னால் கரடி எப்படி மறையும்?

யானை தாளைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளையே, நீ படித்ததில் உனக்குப் பிடித்தது எது?"

பொம்மு யோசித்தான். "கோடிட்ட இடம் ஐயா. அதில்தான் கொஞ்சமாக எழுதினால் போதும்."

யானை அடுத்தவளைப் பார்த்தார். மல்லி எழுந்து கைகட்டி நின்று, மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"நூலின் பெயர், கடலுக்குப் போன எருமை. பக்கங்கள் நானூற்றிருபது. கடினச் சொற்கள், ஆழி, பரிசல், ஆர்ப்பரிப்பு, திமில், அடிவானம். நீதி, பேராசை கூடாது."

"நன்று. அந்த எருமைக்கு என்ன ஆயிற்று?"

"அது கேள்வித்தாளில் இல்லை ஐயா."

யானையின் காதுகள் அசைவது நின்றது. அவர் தாளில் அடுத்த கேள்வியைத் தேடினார்.

"தலைமையாசிரியரே, உங்களுக்குப் பிடித்த கதை எது?"

ஒற்றைக்காலார் கழுத்தை நீட்டினார், சுருக்கினார். "எல்லாமே பிடிக்கும் ஐயா."

"ஒன்று சொல்லுங்கள் போதும். இங்கே ஒரு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள்."

நாற்பது பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். ஒற்றைக்காலார் அட்டைப் படங்களை மனதுக்குள் புரட்டினார். ஒரு முதலை தெரிந்தது, ஓர் எருமை தெரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றுகூடத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் மற்றொரு காலையும் தரையில் ஊன்றினார்.

யானை பெருமூச்சு விட்டார். அருகில் கிடந்த சருகெல்லாம் பறந்தது.

"இங்கே யாரும் படிக்கவில்லை என்று தெரிகிறது. நான் அடுத்த காட்டைப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் இந்த வழியாகத் திரும்புவேன். அப்போது பெட்டியை எடுத்துப்போய் அரண்மனைக் கிடங்கில் வைத்துவிடுகிறேன். அங்கே கரையானாவது ஆர்வமாகப் புரட்டும்."

பெட்டியை எடுத்துப் போகிறார் என்றதும் நாற்பது பிள்ளைகளும் கைதட்டிக் குதித்தார்கள்.

"ஐயா! நிஜமாகவா ஐயா?"

"முப்பது கேள்வியும் போய்விடுமா?"

"இன்றைக்கே எடுத்துப்போங்களேன் ஐயா! நாங்களே தூக்கி முதுகில் வைக்கிறோம்!"

பொம்மு தன் புத்தகத்தை ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டான். அதைப் பார்த்து எல்லாரும் போட்டார்கள். பெட்டி நிறைந்த பிறகு, ஆற்றில் குளிக்கப் போகிறவர்கள்போல ஆரவாரம் செய்துகொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டார்கள்.

யானை போனார். ஒற்றைக்காலார் நின்ற இடத்திலேயே நின்றார். பிள்ளைகள் திட்டியிருந்தால்கூட அவருக்குப் பழக்கம்தான். பெட்டி போகிறது என்று கைதட்டியது அவரைக் குத்தியது. இதே பெட்டி வந்த நாளிலும் அவர்கள் இப்படித்தான் கைதட்டினார்கள் என்று நினைவு வந்தபோது இன்னும் ஆழமாகக் குத்தியது.

ஆனாலும் அவர் ஒற்றைக்காலார் ஆயிற்றே! மறுநாள் மரத்தில் இன்னோர் அறிவிப்பு: 'நாளை மறுநாளுக்குள் மூன்று புத்தகங்கள் படிப்பவருக்குப் பெரிய பரிசு.'

ஒருவரும் வரவில்லை. மாலையில் மல்லி மட்டும் வந்து, ஒரு புதருக்குப் பின்னால் நின்று தலையை நீட்டினாள்.

"ஐயா, பரிசு வேண்டாம். அதற்குப் பதிலாகப் படிக்காமல் இருக்கலாமா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஓடிவிட்டாள்.

மூன்றாம் நாள் உச்சிவேளை. காற்றே இல்லை. நாவல் மரத்தடியில் பெட்டியும் நாரையும் மட்டும் இருந்தார்கள். பெட்டியை ஒப்படைக்கும்போது கிழிந்த பக்கம் இருந்தால் அதிகாரி கேட்பார் என்ற பயம் ஒற்றைக்காலாருக்கு. எனவே மேலாக இருந்த புத்தகத்தை எடுத்து, கிழிசல் பார்ப்பதற்காகத்தான் புரட்டினார். அது பட்டுவேட்டி கட்டிய முதலையின் புத்தகம்.

முதல் பக்கம் கிழியவில்லை. அதில் ஒரு முதலை, பெண் பார்க்கப் போக வேண்டிய நாளன்று பல்வலியோடு கண் விழித்தது.

இரண்டாம் பக்கமும் கிழியவில்லை. முதலையின் மாமா, "வலியைக் காட்டிக்கொள்ளாதே, மானம் போய்விடும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திரு," என்றார்.

மூன்றாம் பக்கத்தைக் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கவே ஒற்றைக்காலார் மறந்துவிட்டார். பெண் வீட்டில் ஒரு தாம்பாளம் நிறைய முறுக்கு கொண்டுவந்து வைத்தார்கள். முறுக்கோ கருங்கல். முதலை அதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டது. கன்னத்தில் நீர் வழிந்தது. உடனே பெண்ணின் அத்தை ஊரையே கூப்பிட்டுச் சொன்னாள்: "பாருங்களடி! நாங்கள் வைத்த பலகாரத்தைப் பார்த்தே மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது! வாயே திறக்கவில்லை. எத்தனை அடக்கம்!"

நாரையின் கழுத்து நீளம். சிரிப்பு வயிற்றில் கிளம்பி அலகுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரமாயிற்று. வந்து சேர்ந்தபோது அது "க்றக்! க்றக்! க்றாஆ!" என்று காடே கேட்கும்படி வெடித்தது. அந்தக் காட்டில் அதற்குமுன் யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

அணில்பிள்ளை வாலன்தான் முதலில் ஓடிவந்தான். மரத்தின் மேலிருந்து பயந்துகொண்டே கேட்டான்.

"ஐயா, தொண்டையில் முள் சிக்கிவிட்டதா?"

"போடா அந்தப் பக்கம்."

வாலன் போகவில்லை. ஒரு கிளை இறங்கி எட்டிப் பார்த்தான். அட்டையைக் கண்டதும் அவன் வால் தானாகவே விரிந்தது.

"முறுக்கு வந்துவிட்டதா ஐயா?"

"வந்துவிட்டது."

"அப்புறம் அந்த அத்தை முறுக்கை எடுத்து மாப்பிள்ளை வாயில்..."

"சொல்லாதே!" என்று ஒற்றைக்காலார் இறக்கையால் காதைப் பொத்திக்கொண்டார். "சொன்னாயோ, இறகைப் பிடித்து... இல்லை, வாலைப் பிடித்துத் தூக்கிவிடுவேன். நான் இன்னும் அங்கே வரவில்லை!"

வாலன் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நாரை படித்தார். அணில் அவர் முகத்தைப் படித்தான். எந்த இடத்தில் எப்போது சிரிப்பார் என்று அவனுக்குத் தெரியும். சிரிப்பு வருவதற்கு ஒரு வரி முன்னாலேயே இவன் சிரித்தான்.

முடிந்ததும் ஒற்றைக்காலார் புத்தகத்தை மூடினார்.

"வாலா," என்றார் பிறகு. "நீ எழுதிய விடை சரிதான்."

"எந்த விடை ஐயா?"

"முறுக்கு கல்லாக இருந்தால் மாப்பிள்ளை நல்லவராகத் தெரிவார். அதற்கு நான் சுழி போட்டது தப்பு. நான் கதையைப் படிக்கவே இல்லை."

ஒரு தலைமையாசிரியர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் வந்ததும் வாலன் கிளையிலிருந்து தவறி விழுந்தான். புல்லில்தான் விழுந்தான், அடி ஒன்றும் இல்லை.

அன்று மாலையே சேதி காட்டுக்குள் பரவியது. ஒற்றைக்காலார் சிரிக்கிறாராம்! மறுநாள் காலையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக மரத்தடிக்கு வந்து தள்ளி நின்று பார்த்தார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு நேரமில்லை. இரண்டாவது புத்தகத்தில் இருந்தார்.

மல்லிதான் பொறுக்க முடியாமல் கிட்ட வந்தாள்.

"ஐயா, இதில் கேள்வி உண்டா?"

ஒற்றைக்காலார் நிமிர்ந்தார். இருபது ஆண்டுப் பழக்கம் சும்மா விடுமா? 'இக்கதையில் வரும் விலங்குகள் எத்தனை?' என்று ஒரு கேள்வி தொண்டையில் ஏறி, அலகு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பெரிய மீனை விழுங்குவதுபோல அதைக் கஷ்டப்பட்டு உள்ளே தள்ளினார்.

"இல்லை."

"சுருக்கம்?"

"இல்லை."

"கடினச் சொல் ஐந்து?"

"எனக்கே மூன்று சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை. தாண்டிப் போய்விட்டேன். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது யார் நிற்பது?"

மல்லிக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து உதறிப் பார்த்தாள். கேள்வித்தாள் விழவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். ஓரக்கண்ணால் ஐயாவைப் பார்த்தாள்.

ஒற்றைக்காலார் தடுக்கவில்லை. "கடைசியில் என்ன ஆகிறது என்று என்னிடம் மட்டும் சொல்லிவிடாதே," என்றார்.

அதன் பிறகு பெட்டியைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. பொம்மு மறுபடியும் மல்லாந்தான். வாலன் உச்சிக்கிளைக்குப் போனான். குரங்குக்குட்டி பாதிப் புத்தகத்தில் எழுந்து, கொள்ளைக்காரன்போல மீசையை முறுக்கிக் காட்டினான். அவனுக்கு மீசை இல்லாததால் வாலின் நுனியை மூக்கின்கீழ் வைத்துக்கொண்டான்.

நண்பகலில் குரங்கம்மா பட்டியலைப் பார்க்க வந்தாள். பட்டியல் இருந்த இடம் காலி.

"ஐயா, எங்கள் பிள்ளை இப்போது எத்தனையாவது இடம்?"

"தெரியாதம்மா. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்."

"எண்ணாவிட்டால் பின்னே எதற்கு அவன் படிக்க வேண்டும்?"

"அவனையே கேளுங்கள்."

குரங்கம்மா மகனிடம் போனாள். அவன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில். வெளிச்சத்தை மறைக்கிறாய்," என்றான். குரங்கம்மா தள்ளித்தான் நின்றாள். ஆனால் அவன் தோளுக்கு மேலாக எட்டி, இரண்டு பக்கம் படித்துவிட்டுத்தான் போனாள். போகும்போது, "மூன்று எழுத்துப் பிழை இருக்கிறது," என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் யானை திரும்பி வந்தார். தரை அதிர அதிர வந்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்தார். பறவைகள் பறந்தன, பிள்ளைகள் அசையவில்லை.

"தலைமையாசிரியரே!"

"ஒரே ஒரு பக்கம் ஐயா," என்றார் ஒற்றைக்காலார், தலையைத் தூக்காமல். "இதோ வந்துவிட்டேன்."

அதிகாரியின் உத்தியோகத்தில் அவரை யாரும் காத்திருக்கச் சொன்னதில்லை. பெட்டியைத் தூக்கத் தும்பிக்கையை நீட்டினார். பெட்டியின்மேல் மல்லி ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"இதை எடுக்கக் கூடாது ஐயா."

"ஏன்? ஐந்து நாளைக்கு முன்னால் நீங்களே தூக்கி வைக்கிறோம் என்றீர்களே?"

"அப்போது இதில் கேள்விகள் இருந்தன. இப்போது கதைகள் இருக்கின்றன. எடுத்தால் கடிப்பேன்."

முயல் கடித்து யானைக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் அவள் பின்னால் பொம்மு வந்து உட்கார்ந்தான். அவன் பின்னால் குரங்குக்குட்டி. அவன் பின்னால் மீதி முப்பத்தேழு பேர். ஒருவரும் கையில் இருந்த புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. விரலைப் பக்கத்தில் செருகிக்கொண்டே எழுந்து வந்திருந்தார்கள்.

யானை மலைத்துப்போனார். ஒற்றைக்காலார் ஒரு வழியாகப் பக்கத்தை முடித்துவிட்டு வந்து, முதலையின் புத்தகத்தில் தொடங்கி நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னார். தான் படிக்காமலே கேள்வி கேட்டதையும் சொன்னார். யானை கேட்கக் கேட்கத் தலையாட்டினார். கடைசியில் அவர் கண்கள் பளபளத்தன.

"அருமை! அபாரம்! பெட்டி இங்கேயே இருக்கட்டும். இதை நான் சும்மா விடப்போவதில்லை. சிங்கராஜாவின் பன்னிரண்டு காடுகளுக்கும் கட்டாயமாக்கப் போகிறேன்! தினமும் உச்சிவேளையில் தலைமையாசிரியர் மரத்தடியில் நின்று ஒரு நாழிகை சிரிக்க வேண்டும். பிள்ளைகள் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்த்ததற்குப் பத்து மதிப்பெண், சிரித்ததற்கு இருபது. சிரிக்காதவர்களுக்கு மறுதேர்வு!" என்று சொல்லிக்கொண்டே அந்தத் திட்டத்தைத் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

பிள்ளைகளின் முகம் வெளுத்தது. வாலன் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்துபோனான்.

ஒற்றைக்காலாருக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரிந்தது. சில நாளுக்கு முன்பு வரை அவரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்படிப் பேசுகிற ஆளிடம் வாதாடிப் பயனில்லை என்றும் அவருக்குத் தெரியும். அப்போது தன்னிடம் யாராவது வாதாடியிருந்தால் கேட்டிருப்பாரா என்ன?

"பிரமாதமான யோசனை ஐயா," என்றார் பணிவாக.

"ஐயா!" என்று பொம்மு அழாத குறையாகக் கத்தினான். ஒற்றைக்காலார் அவனைப் பார்த்து மெதுவாக ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"ஆனால் அரண்மனைக்கு வழி நீளம். போகும்போது துணைக்கு ஒரு புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்."

"எனக்கு எதற்கு? நான் அதிகாரி. நான் படிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் படித்தார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை."

"படிக்க வேண்டாம் ஐயா. கிழிசல் இருக்கிறதா என்று முதல் இரண்டு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். அறிக்கையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்."

அறிக்கையில் ஒரு வரி என்றதும் யானைக்குச் சரியென்று பட்டது. கடலுக்குப் போன எருமையைத் தும்பிக்கையில் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆலமரம் வரைக்கும் யானை விறைப்பாக நடந்தார். அங்கே முதல் பக்கத்தைத் திறந்தார். பாறை வந்ததும் நடை தளர்ந்தது. வளைவில் ஒரு புளியமரத்தின்மேல் மோதி, மரத்திடமே மன்னிப்புக் கேட்டார். அதற்குமேல் நடக்கவில்லை. புளியமரத்தில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். திட்டம் எழுதிய தாளை எடுத்து ஒருமுறை பார்த்தார். படித்த பக்கம் தெரியாமல் போகக்கூடாதே என்று அதை இரண்டாக மடித்துப் புத்தகத்துக்குள் செருகிவைத்தார்.

சாயங்காலம் வாலனை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்கள். அவன் மரத்துக்கு மரம் தாவிப் போய், மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"ஐயா, எருமை இன்னும் கடலைப் பார்க்கவில்லை. அதிகாரி ஐயா 'இடது பக்கம் போகாதே, இடது பக்கம் போகாதே' என்று புத்தகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார்."

"எழுந்திருப்பாரா?"

"இப்போதைக்கு எழுந்திருக்க மாட்டார் ஐயா. அது ரொம்பப் பெரிய புத்தகம். அதை முடித்தாலும் பயமில்லை. 'இது முடிந்தால் அடுத்தது இருக்கிறதா?' என்று இப்போதே என்னிடம் கேட்டுவிட்டார்."

ஒற்றைக்காலார் பெட்டிக்குள் கழுத்தை விட்டு, இருப்பதிலேயே தடிமனான இன்னொரு புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்.

நீதி: சிரித்துப் படிக்கும் பிள்ளையிடம் கேள்வித்தாளை நீட்டாதே, பக்கத்தில் உட்கார்ந்து நீயும் ஒரு புத்தகத்தைத் திற.